நெடியில்லாத மிளகாய்

"தண்ணியில வளந்த மொளகாயில என்னட்டி உறப்பு இருக்கும்? இதக் கடிக்கதுக்கு நான் வெள்ளரிக்காயக் கடிச்சிட்டுப் போவேன்."

இதுதான் என் மதினி சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. மதினி என்றால் என் புருஷனின் அக்காள், பெயர் பிரம்மசக்தி. சாப்பாட்டு மேஜையில், என் புருஷன் முன்னால், நிறைமாசமாக உட்கார்ந்திருந்த என் மகள் முன்னால், நான் அரைத்த துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, தட்டோரமாகத் துப்பிவிட்டுச் சொன்னாள். என் கையில் தோசைத் திருப்பி இருந்தது. எறிந்தேன். அவள்மேல் எறியவில்லை, தட்டின்மேல்தான் எறிந்தேன். தட்டு எகிறிப் போய் அவள் மூக்குக் கண்ணாடியில் அடித்தால் அதற்கு நானா பொறுப்பு? இரண்டு பக்கச் சில்லும் தெறித்துவிட்டது. புதுக் கண்ணாடி போடவும் மாட்டேன் என்றுவிட்டாள். "கெடக்கட்டும், என் தம்பி பொண்டாட்டி செஞ்ச சீர்"னு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் வெறுங்கண்ணைக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

நீங்கள் எதிர் வீடுதானே? நாற்காலிக்கு நன்றி. தண்ணீருக்கும் நன்றி. பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வந்து, இந்த மாடிப்படி ஏறி, பெல் அடித்து, தட்டி, கூப்பிட்டு, தொண்டை காய்ந்துபோயிற்று. உள்ளே இருப்பவள் என் மகள் மிருதுளா. இருக்கிறாள், எனக்குத் தெரியும். ஃபேன் ஓடுகிறது, கதவுக்கு அடியில் நிழல் ஆடுகிறது பாருங்கள். நான் என் பேரனைப் பார்க்க வந்தேன். பார்த்துவிட்டுப் போய்விடுவேன். அதற்கு இவ்வளவு நாடகம்.

அந்தப் பையை மட்டும் தொடாதீர்கள். செடி இருக்கிறது. செடி ஒன்றும் செய்யாது, ஆனால் காயைத் தொட்ட கையால் கண்ணைத் தொட்டுவிட்டால் அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். கடைசியில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

உட்காருங்கள். நீங்களும் உட்கார்ந்தால்தான் பேச முடியும். நின்றுகொண்டு கேட்கிறவர்களிடம் எனக்குப் பேச வராது.

மிருதுளா கல்யாணம் முடிந்து இங்கே வந்ததும் அவள் ரூம் காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கிற ரூம் எனக்கு ஆகாது. மறுவீட்டு விருந்துக்கு வந்தவர்கள் போவதற்குள் கட்டிலைக் கழற்றிவிட்டேன். ஹைட்ரோபோனிக்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்களே? மண் கிடையாது. பிளாஸ்டிக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு சின்னக் கூடை, கூடையில் சுட்ட களிமண் உருண்டை, அதில் செடி. வேர் கீழே தண்ணீரில் தொங்கும். தண்ணீரில் சத்து கலந்து மோட்டார் வைத்து ஓடவிட வேண்டும். மேலே ஊதா வெளிச்சம். ரூமுக்குள் வெயில் இல்லை, மழை இல்லை, தேனீ இல்லை. பூவுக்குப் பூ மகரந்தம் நான்தான் பிரஷ்ஷால் தொட்டு வைப்பேன், மிருதுளா விட்டுப் போன மேக்கப் பிரஷ்ஷால். மதினி அதற்கு வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் செடி. "கொழாயும் சலைனுமா படுக்க வச்சிருக்கா, எந்தச் செடி என்னைக்குச் சாவப் போவுதோ" என்பாள்.

என்ன மிளகாய் என்று கேளுங்கள். சாம்பாருக்குக் கிள்ளிப் போடுகிற மிளகாயா? உலகத்திலேயே அதிகம் உறைக்கிற ஜாதி. சுருங்கிச் சுருங்கி, கொழுந்து விட்ட தீ மாதிரி சிவப்பு, நுனியில் தேள் கொடுக்கு மாதிரி ஒரு வால். ஒரு காயை நறுக்கினால் கையுறை போட்டுத்தான் நறுக்க வேண்டும். இன்னொன்று சொல்கிறேன், இது எல்லோருக்கும் தெரியாது: காய் பழுக்கிற நேரத்தில் தண்ணீரைக் கொஞ்சம் நிறுத்திச் செடியை வாடவிட வேண்டும். இலை தொங்கும். பார்த்தால் பாவமாக இருக்கும். பாவம் பார்க்கக் கூடாது. வாட வாடத்தான் காயில் உறைப்பு ஏறும். நான் மகளை வளர்த்ததும் அப்படித்தான். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா என்னை வளர்த்ததும் அப்படித்தான். ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து முட்டியில் அடிப்பார்கள், அழுதால் இன்னொன்று. ஒருத்தியும் கெட்டுப்போகவில்லை.

மதினி வந்து சேர்ந்ததுதான் கெட்ட காலம். மகன் துபாய் போனதும், "தம்பி வீடு இருக்கும்போது நான் ஏன் தனியாக் கெடக்கணும்" என்று பெட்டியோடு வந்தாள். வந்த வாரத்தில் என்ன செய்தாள் தெரியுமா? மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் அவள் போனை சார்ஜ் போட்டாள். மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், ஒரு வரிசை முழுக்கத் தலை தொங்கிவிட்டது. வேர் எல்லாம் பழுப்பு. "எட்டி, போன்ல சார்ஜ் இல்லன்னா என் மகன் கூப்பிட்டா எப்படி எடுக்க?" என்றாள். போனை உருவி, சத்துத் தண்ணீர் தொட்டியில் போட்டேன். அவள் கையை விட்டாள் எடுக்க. நான் அந்தக் கையைப் பிடித்துத் தொட்டிக்குள்ளேயே அமுக்கி வைத்திருந்தேன், போன் அணைகிற வரைக்கும். என் புருஷன் ஓடிவந்து என்னை இழுத்தார். அவர் பெயர் ஆவுடையப்பன். பாங்க்கில் இருந்தவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. "ரெண்டு பேரும் மனுசிகளா?" என்றார். ரெண்டு பேராம். பிளக்கைப் பிடுங்கினவளும் நானும் ஒன்றாம்!

அன்றைக்குத்தான் அந்த ரூமுக்குப் பூட்டு வாங்கினேன். சாவி என் இடுப்பில். குளிக்கப் போனாலும் இடுப்பில்.

பிறகு மிருதுளா வந்தாள், தலைப்பிரசவத்துக்கு. வளைகாப்பு வளையல் கையோடு பெட்டியைத் தள்ளிக்கொண்டு நேரே அந்த ரூம் வாசலில் போய் நின்றாள். பூட்டைப் பார்த்தாள்.

"எம்மா, என் ரூமத் திற."

"பூ விட்டிருக்குடி. ஆள் புழங்கினா பூச்சி வரும். நீ அத்தை ரூம்ல படு, பேச்சுத் துணையா இருக்கும்."

"அத்தை குறட்டை விடுவாம்மா. அந்த ரூம்ல பால்கனி இருக்கு. எனக்கு மூச்சு முட்டுது."

"மாசம் ஆனா எல்லாருக்கும்தான் மூச்சு முட்டும். நான் உன்னைச் சுமக்கயில எனக்கு யாரு பால்கனி கட்டிக் குடுத்தா?"

பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பேச வராது, அப்பா மாதிரி. நீங்களே சொல்லுங்கள், கட்டில் எங்கே கிடந்தால் என்ன? தூக்கம் வருகிறவளுக்கு எங்கும் வரும்.

துவையல் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு நான் ஏன் உறைப்பில்லாமல் அரைத்தேன்? மகள் நிறைமாசம். ஒரே ஒரு பிஞ்சுக் காயை எடுத்து, விதையை நீக்கி, உள்நரம்பை நீக்கி, இரண்டு மூடித் தேங்காய் வைத்து அரைத்தேன். அவளுக்காக. அவள் வயிறு எரியக் கூடாது என்று. அதை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? சொன்னால் சமாளிக்கிறேன் என்பாள் மதினி. அதனால் திருப்பியை எறிந்தேன், விட்டுவிட்டேன்.

அவள் விடவில்லை. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. பார்க்க வருகிற ஒவ்வொருத்தியிடமும், "சுகந்தி மொளகாத் தோட்டம் வச்சிருக்கா, பாத்தீளா? வாயில போட்டா முட்டாயி மாதிரி கரையும்." சிரிப்பு. வந்தவளும் சிரிப்பாள். என் புருஷனும் சிரிப்பார், பல் தெரியாமல். ஒரு நாள் மிருதுளாவும் சிரித்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே. அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சமையலறையில் சிவப்பு மூடி போட்ட டப்பா ஒன்று உண்டு, காய்ந்த மிளகாய் வைக்கிறது. தீர்ந்துபோய்க் கிடந்தது. நான் என் காயைப் பறித்து, ஃபேன் காற்றில் காயவைத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து டப்பாவை நிறைத்தேன். அவ்வளவுதான். காலியாக இருக்கிற டப்பாவை நிறைப்பது குற்றமா? மதினி தனக்கு என்று வத்தக்குழம்பு வைப்பாள், மிளகாயை எண்ணெயில் வறுத்து முழுசாகக் கடிப்பாள். கடிக்கட்டும். ஒரே ஒரு கடி. அப்புறம் வெள்ளரிக்காய் என்று சொல்லட்டும், பார்ப்போம். கண்ணாடிதான் இல்லையே அவளுக்கு. வாலாவது, சுருக்கமாவது, எல்லாம் ஒரே சிவப்புதான்.

ஆனால் பிரசவித்த வீட்டில் மிளகாய்க்கு என்ன வேலை? எல்லாம் மிளகும் பூண்டும். பத்தியம் முடிகிற வரை தானும் அதையே சாப்பிடுவேன் என்று மதினி உட்கார்ந்துவிட்டாள். டப்பா அப்படியே இருந்தது. நான் தினமும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளை காலையிலிருந்து அழுகை. பால் குடிக்கவில்லை, வீல் வீல் என்று ஒரே கத்தல். நல்ல குரல் அவனுக்கு. எங்கள் அப்பாவுக்கு அந்த மாதிரிக் குரல்; தெருமுனையில் நின்று கூப்பிட்டால் ஊர் திரும்பும். நான் வயிற்று வலி, ஓம வாட்டர் கொடு என்றேன். மதினி, "கண்ணுபட்டிருக்கு. கீழ்வீட்டுக்காரி வந்து, தங்க விக்கிரகம் மாதிரி இருக்கான்னு சொல்லிட்டுப் போனால்லா, அவ கண்ணுதான். சுத்திப் போடணும்" என்றாள். சிஸ்டர் பெனடிக்டாவிடம் படித்தவள் நான். இந்தக் கூத்தெல்லாம் என் வீட்டில் வேண்டாம் என்றேன். மிருதுளா, "அத்தை செய்யட்டும்மா, உனக்கு என்ன?" என்றாள். எனக்கு என்னவாம்!

விளக்கு வைக்கிற நேரம். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது என்று ஹாலில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டின தூபக்கால் வாசலை ஒட்டிக் கனன்றுகொண்டிருந்தது. மிருதுளா கிழக்கே பார்த்துப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மதினி கல்லுப்பு எடுத்தாள், கடுகு எடுத்தாள். தெருமண் வேண்டுமே, கீழே கார் நிறுத்துகிற இடத்தில் போய் அள்ளிக்கொண்டு வந்தாள், பாதி ஆயில். அப்புறம் சமையலறைக்குப் போய் ஒரு டப்பாவைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். சிவப்பு மூடி.

நான் சமையலறை வாசலில் நின்றேன்.

சுற்றினாள். ஒவ்வொருத்தர் கண்ணாகப் பெயர் சொல்லிச் சுற்றினாள். கீழ்வீட்டுக்காரி கண்ணு. பால்காரன் கண்ணு. அப்புறம், "ஆச்சி கண்ணு" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்த்தாள். பிள்ளைக்கு ஆச்சி யார்? நான்தானே?

பிள்ளையைத் துப்பச் சொல்லி மிருதுளா கன்னத்தைத் தட்டினாள். அது எச்சிலை வழியவிட்டது. கையில் இருந்ததை மதினி நெருப்பில் போட்டாள். உப்பு படபடத்தது. கடுகு வெடித்தது. மிளகாய் சும்மா கிடந்தது. முழுக்காய் இல்லையா, தோல் கனம். சாம்பலுக்குமேல் கிடந்து மெதுவாக உப்பிக்கொண்டிருந்தது. நெடி இல்லை. ஒருத்தருக்கும் ஒரு தும்மல் இல்லை.

உங்களுக்குத் தெரியும்தானே? நெடி வந்தால் கண் இல்லை. நெடி வராவிட்டால் அத்தனை கண்ணும் பட்டிருக்கிறது என்று கணக்கு. மதினிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாரு, நெடியே இல்ல. எம்புட்டுக் கண்ணு!" என்று இன்னும் ஒரு கை போட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

"இல்ல, இது நம்ம சுகந்தி மொளகாயா இருக்குமோ? தண்ணி மொளகாய்க்கு நெடி எங்க இருந்து வரும்?"

மிருதுளாவும் சிரித்தாள்.

"இன்னும் நாலு போடுங்க மதினி" என்றேன்.

அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு பேச்சுக்கு மறுபேச்சு. மூடியைத் திறந்து டப்பாவைக் கவிழ்த்தது யார் கை? என் கையா? பிள்ளை அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அவள் வாய் மட்டும்தான் தெரிந்தது.

முதல் தோல் வெடித்தது. அப்புறம் எல்லாம் ஒன்றாக வெடித்தன.

அதைப் புகை என்று சொல்லக் கூடாது. புகை கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. யாரோ வாய்க்குள் கையை விட்டுத் தொண்டையைப் பிடித்துத் திருகுகிற மாதிரி. மதினி முதலில் விழுந்தாள். தூபக்காலைத் தட்டிவிட்டு, தணல் சிதறி, அதன்மேலேயே முழங்கையை ஊன்றினாள். கை கருகுகிறது, அவளுக்கு அதைச் சொல்லி அலற மூச்சு இல்லை. நான் கண்ணைக் கசக்கினேன், அது பெரிய தப்பு. கண்ணுக்குள் கங்கு விழுந்த மாதிரி. வாசல் பக்கம் நெருப்பு கிடந்ததால் மிருதுளா பிள்ளையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். எங்கே ஓடுவாள்? அவள் ரூமுக்கு. அங்கேதானே பால்கனி.

பூட்டியிருந்தது.

தட்டினாள். தையல் ஆறாத உடம்பு. தோளால் மோதினாள், நெற்றியால் மோதினாள். "எம்மா, சாவி! எம்மா, சாவி!" நான் சுவரைத் தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தேன். சாவி என் கையில்தான் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நிமிஷம் நின்றேன். இந்த நெடி உள்ளே போனால் பூ அத்தனையும் உதிர்ந்துவிடுமே என்று ஒரு நினைப்பு. ஒரு நினைப்புதான். கண் தெரியாமல் சாவித் துவாரத்தைத் தேடவே அதைவிட அதிக நேரம் ஆனது என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

கீழே வாக்கிங் போயிருந்த என் புருஷன் சத்தம் கேட்டு ஓடிவந்தார். தேங்காய் உரிக்கிற இரும்புப் பாரையை எடுத்து அந்தக் கதவைப் பிளந்தார். என்னைத் தோளைப் பிடித்து ஒரு தள்ளு. சுவரில் போய் விழுந்தேன். பால்கனி வெளிச்சத்தில் மிருதுளா பிள்ளையை விரித்துப் பார்த்தாள்.

வாய் திறந்திருந்தது. முகம் சுருங்கி, நெற்றி நரம்பு புடைத்து, முழு அழுகை. சத்தம் இல்லை. டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. உதடு நாவல்பழ நிறம்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூக்கில் குழாய் சொருகினார்கள். வெளியே வராண்டாவில் நாங்கள். மதினி, கையில் கட்டோடு வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எய்யா ஆவுடை, நான் கண்டேனா? அவதாம்ல இன்னும் நாலு போடுன்னா! நின்னு பாத்துக்கிட்டே சொன்னால்லா!" என்றாள். முடியைப் பிடித்தேன். பிடித்து, அந்தத் தூணில் அவள் தலையை மோதினேன். ஒரு தடவை இல்லை. அவளும் லேசுப்பட்டவளா? என் கம்மலைப் பிடித்து இழுத்தாள். இதோ பாருங்கள், காது இரண்டாகப் போய்த் தைத்திருக்கிறது. செக்யூரிட்டி வந்து பிரித்தபோது அவள் முடி ஒரு கொத்து என் கையில் இருந்தது. சிரிக்காதீர்கள். சிரிக்கவில்லையா? சரி.

அப்போதுதான் மிருதுளா கேட்டாள். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

"எம்மா, அந்த டப்பாவுல இருந்தது ஒன் மொளகாயா?"

நான் என்ன சொல்ல வேண்டும்? பொய் சொல்ல என்னைப் பழக்கவில்லை. "ஆமா. இப்ப உறைப்பு இருக்கா இல்லையான்னு உங்க அத்தையைக் கேளு" என்றேன்.

அதிலிருந்து பேச்சு இல்லை.

என் புருஷன் மறுநாள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாரையை எடுத்துக்கொண்டு அந்த ரூமுக்குள் போனார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது என்றேனே, அன்றைக்குத் தெரிந்தது. "ஒனக்குப் பிள்ளை இதுதான? இதத்தான பெத்த?" குழாயில் அடித்தார். சத்துத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஊதா விளக்கு ஒவ்வொன்றாகச் சிதறியது. பாரை பத்தாமல் கையால் பிடுங்கினார். வேரோடு உருவி, காயை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, சுவரில் அறைந்தார். ரூம் முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்பு. நான் தடுக்கப் போனேன். முப்பது வருஷக் குடித்தனத்தில் கை ஓங்காத மனுஷர் அறைந்தார். அறை வலிக்கவில்லை. கையில் இருந்த சாறுதான். கன்னம் கொப்பளித்து, தோல் உரிந்து, இப்போதுதான் ஆறுகிறது.

அப்புறம் அவர் அழுதார். அழுது, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தார்.

ஊளையிட்டுக்கொண்டு தரையில் உருண்டார், உடைந்த கண்ணாடிமேல். தயிரை எடுத்து அப்பினால் எரிச்சல் தணியும். எனக்குத் தெரியும். தயிர் ஃப்ரிட்ஜில் இருந்தது. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதி. இத்தனை பேர் சிரித்தார்களே, தண்ணி மிளகாய் என்று. இனி ஒருத்தராவது அந்த வார்த்தையைச் சொல்வார்களா?

மதினி துபாய்க்குப் போய்விட்டாள். என் புருஷன் அவருடைய தம்பி வீட்டில் இருக்கிறார். மிருதுளா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டாள். பெட்டி துணிமணி எல்லாம் என்னிடம்தான் கிடக்கிறது. மாப்பிள்ளை போனை எடுத்து, "அத்தை, இனிமே கூப்பிடாதீங்க" என்று வைத்துவிட்டார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார்.

இந்தச் செடி ஒன்று மட்டும் மிஞ்சியது. அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. தண்ணீர் பாட்டிலை வெட்டி அதில் வைத்தேன். வேர் பிடித்து, காயும் ஒன்று நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. மிருதுளாவுக்குக் காட்டலாம் என்று கொண்டுவந்தேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரி, உள்ளே கொண்டுபோக மாட்டேன். படியிலேயே இருக்கட்டும். நீங்கள் வேண்டுமானால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் அம்மாவிடம் நான் கேட்டேன், தனியாகப் போய். மூச்சுக்குழல் வெந்திருந்தது, ஆறிவிடும் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை. குரல்? "அது போகப் போகத்தாம்மா தெரியும். சில பிள்ளைங்களுக்கு வரும், சில பிள்ளைங்களுக்குக் கரகரன்னு நின்னுடும். அழும்போது கேட்டா தெரியும்" என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் என்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எந்தக் குரல் கேட்கும்? நீங்கள் எதிர் வீடு, நீங்கள் கேட்டிருப்பீர்களே. காலையில், சாயங்காலம். பிள்ளை என்றால் அழாமலா இருக்கும்? சொல்லுங்கள், எப்படி அழுகிறான்? வீல் என்றா? அல்லது... நான் உங்களிடம் சண்டைக்கு வரமாட்டேன். சிஸ்டர் பெனடிக்டா எப்போதும் சொல்வார்கள், சுகந்தி, உனக்கு வாய்தான் முதலில் போகிறது, காது பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது என்று, அதற்கும் ஸ்கேல்தான், முட்டி வீங்கி நான் ஒரு வாரம்...

என்ன? என்ன சத்தம் அது? உள்ளேயா?

நின்றுவிட்டது. பிள்ளைதானே? அவன்தானே? நீங்கள் கேட்டீர்களா? எப்படி இருந்தது? சுத்தமாக இருந்ததா, கரகரப்பாக இருந்ததா? சொல்லுங்களேன். நான் பேசிக்கொண்டிருந்தேன், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நீங்கள் பேசாமல்தானே இருந்தீர்கள், உங்களுக்குக் கேட்டிருக்குமே. ஏன் தலையைக் குனிகிறீர்கள்?

மிருதுளா. ஏட்டி, மிருதுளா. கதவத் திறக்க வேண்டாம். பிள்ளையைக் காட்டவும் வேண்டாம். நான் இங்கேயே நிக்கேன், செடியையும் கீழ கொண்டுபோய் வச்சிருதேன். மார்ல இருந்து எடுத்து ஒரே ஒரு தடவ அழவிடு. இன்னொரு தடவ அழவிடுட்டி, நான் வாயத் திறக்க மாட்டேன்.